விலை இறங்கட்டும்

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே மவுஸ் வந்துவிட்டது. அதன் பின்னால் மவுஸ் பேடு வந்தது, ஸ்பீக்கர் வந்தது, தலையில் மாட்டிக்கொண்டு பேசுகிற ஹெட்போன் வந்தது, கடைசியில் கொக்கு மாதிரிக் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு வெப் கேமராவும் வந்து சேர்ந்தது. இத்தனையையும் சொருகுவதற்கு ஒரு பெட்டிதான் இல்லை. அம்மா நர்ஸ் வேலை பார்த்தவள், எதையும் துடைத்து அடுக்கி வைக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. பீரோவில் அவற்றை வரிசையாக வைத்துவிட்டு, "இதுகள வச்சு என்ன செய்யப் போற? கொளம்பு வைக்க முடியுமா?" என்று கேட்பாள்.

உண்மையைச் சொன்னால் கரண்டி பறந்து வரும் என்பதால் நான் வாயைத் திறப்பதில்லை. உண்மை என்னவென்றால், மாதம் ஒரு தடவை விருதுநகருக்குப் போய்வர எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. போன இடத்தில் வெறுங்கையோடு திரும்பினால் வீட்டில் கேள்வி வரும். ஆகவே மவுஸ்.

சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் டிசைன் பிரிவில் இருந்தேன். வெடிப் பெட்டிகளுக்கு லேபிள், சீசன் முடிந்தால் காலண்டர். வாய் பிளந்த சிங்கம், ரோஜாப்பூ, எதற்கென்றே தெரியாமல் சிரித்துக்கொண்டிருக்கும் குழந்தை எல்லாம் என் கைவழியாகத்தான் பெட்டி மேல் ஏறும். 2003 தீபாவளி சீசனில், வேலை தலைக்கு மேல் இருந்த நேரம் பார்த்து எங்கள் மானிட்டர் ஒன்று புகைந்துவிட்டது. முதலாளி முனியராஜ் என்னைக் கூப்பிட்டு, "விருதுநகர்ல ஜெயச்சந்திரன்னு ஒரு ஆளு நியாயமாப் போடுறாராம் ஷைலா. கலர் பாக்கத் தெரிஞ்சது நீதான். நீயே போயி எடுத்துட்டு வந்துரு" என்றார். என்னை அனுப்பியது அவர்தான். அதற்குப் பிறகு போனதெல்லாம் நானாகப் போனது.

கடை பஜாரில் ஒரு மாடி. கீழே ஜெயச்சந்திரனுடைய அப்பா பத்திரகாளி துவரை, உளுந்து கமிஷன் வியாபாரம் நடத்திக்கொண்டிருந்தார். பக்கத்து குடோன் முழுக்க மிளகாய் வத்தல். படி ஏறி முடிப்பதற்குள் தும்மல் வந்துவிடும். ரிப்பேருக்கு வந்த பெட்டியைத் திறந்து காற்றடித்துத் தூசி எடுக்கும்போது உள்ளே படிந்திருந்த வத்தல் தூசி கிளம்பி, கடையில் இருக்கிற அத்தனை பேரும் இருமிக்கொண்டே படிக்கு ஓடுவார்கள். கம்ப்யூட்டர் கடை என்றால் குளுகுளுவென்று கண்ணாடிக் கதவு போட்டிருக்கும் என்று நினைத்துப் போனவள் நான்.

கீழே கடை வாசலில் ஒரு கறுப்புப் பலகை தொங்கும். துவரை, உளுந்து, பாசிப்பயறு அன்றைக்கு என்ன நிலவரம் என்று அதில் எழுதியிருக்கும். மாடியில் மகனும் அதே மாதிரி ஒரு பலகை மாட்டியிருந்தார். ராம் இவ்வளவு, ஹார்ட் டிஸ்க் இவ்வளவு, மானிட்டர் இவ்வளவு. காலையில் சென்னைக்கு போன் போட்டுக் கேட்டு, நேற்றைய விலையைத் துணியால் துடைத்துவிட்டு இன்றையதை எழுதுவார். அந்த ஊரில் பிறந்தவனுக்கு எந்தச் சரக்கைக் கொடுத்தாலும் இப்படித்தான் விற்பான் போலிருக்கிறது. கீழே விலை ஏறினால் சிரிப்பார்கள், மேலே விலை இறங்கினால் சிரிப்பார்.

அன்றைக்கு மூன்று நான்கு மானிட்டரைப் போட்டு என் லேபிளை ஓடவிட்டுக் காட்டினார். ஒவ்வொன்றிலும் சிவப்பு வேறு வேறாகத் தெரிந்தது. எதை எடுக்கலாம் என்று கேட்டேன். "எனக்கு எல்லாச் செவப்பும் ஒண்ணாத்தான் தெரியுது மேடம். நீங்க சொல்லுங்க, கத்துக்கிடுறேன்" என்றார். கடைக்காரன் ஒருவன் தனக்குத் தெரியாது என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. நான் ஒன்றைக் காட்டினேன். உடனே பெட்டியில் போட்டு, கயிறு கட்டி, ஆட்டோ பிடித்து ஏற்றி அனுப்பினார். பிரஸ்ஸுக்கு விற்க அவருக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

அடுத்த மாதம் நானாகப் போனேன். வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் செட் போட வேண்டும், ராத்திரியில் வெளிவேலை எடுத்துச் செய்யலாம் என்றேன். அதுவும் பொய்யில்லை. காகிதத்தை எடுத்து வரிசையாக எழுதினார். கூட்டிப் பார்த்தார். பிறகு அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இப்ப வேணாம். அடுத்த மாசம் வாங்க, இறங்கும்" என்றார்.

அடுத்த மாதம் போனால், சொன்னபடி இறங்கியிருந்தது. "இன்னும் இறங்கும். பொறுங்க."

இப்படியே மூன்று வருடம். கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் அவர் சொன்னது ஒரு தடவைகூடப் பொய்யாகவில்லை. ஹார்ட் டிஸ்க் பெரிதாகிக்கொண்டே விலை குறைந்தது. பந்து வைத்த மவுஸ் போய் அடியில் சிவப்பு விளக்கு எரிகிற மவுஸ் வந்தது. விரல் நீளத்துக்குப் பென் டிரைவ் என்று ஒன்றைக் கொண்டுவந்து காட்டியபோது அதன் விலையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. "ரெண்டு வருசம் பொறுங்க, பேனா விலைக்கு வந்துரும்" என்றார். ப்ளாப்பிப் பெட்டிகளை மொத்தமாக ஓரங்கட்டினார். டீ வரும். அவர் தனக்கு வந்ததை ஆறவிட்டு, இனிமேல் என்னென்ன வரும், எது எப்போது விழும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். வேறு எவளாவது என்றால் கொட்டாவி விட்டிருப்பாள். எனக்கு அந்தப் பேச்சு முடிந்துவிடக் கூடாதே என்று இருக்கும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் சிவகாசி வரும்வரை அவர் பேசியதை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பேன். அதில் எனக்கென்று ஒரு வார்த்தை இருக்காதா என்று தேடுவேன். ராம் இருக்கும், ஹார்ட் டிஸ்க் இருக்கும். நான் இருக்க மாட்டேன். ஆனாலும் மறுநாளே அடுத்த மாதத்துக்கு மனசு ஏங்க ஆரம்பித்துவிடும். ஊரில் எல்லோரும் விலைவாசி ஏறுகிறது என்று புலம்புகிற காலத்தில், விலை இறங்கிவிடக் கூடாதே என்று ஜெபம் பண்ணியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இறங்கி முடிந்துவிட்டால் வாங்க வேண்டியது வரும். வாங்கிவிட்டால் எதற்கு அங்கே போவது?

கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட. நான் மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டேன். இருமி வைப்பேன். வத்தல் குடோன் பக்கத்தில் இருந்ததால் வித்தியாசமாகத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. மற்றவர்கள் வந்தால் அன்றைக்கே விற்றுவிடுவார். காலேஜ் வாத்தியார் ஒருவர் என் கண் முன்னாலேயே வந்து, அரைமணி நேரத்தில் செட்டை வாங்கிக்கொண்டு போனார். பிரவுசிங் சென்டர்காரர் மொத்தமாக எடுத்துப் போனார். அவர்களிடம் பொறுங்கள் என்ற பேச்சே இல்லை. எனக்கு மட்டும்தான் அந்த உபதேசம். ஏன் என்று எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. சந்தேகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா முன்னால் போய் நிற்க முடியுமா?

என் அப்பா சாலமன்ராஜ் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் வரிசை. ஜெயச்சந்திரன் வீட்டில் பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறவர்கள். இரண்டு வீட்டிலும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? அழுகை, பட்டினி, பாஸ்டர், மாமாக்கள் எல்லோரையும் மனசுக்குள் கூட்டி வைத்து நான் சண்டை போட்டு முடித்திருந்தேன். ஜெயித்தும் இருந்தேன். அவர் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தால் போதும். அது வராமல் எதை நம்பிச் சண்டையை ஆரம்பிப்பது?

2006 ஆவணியில் அப்பா ஒரு போட்டோவை மேசையில் வைத்தார். பால்துரை, தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை, நல்ல குடும்பம். "யோசிச்சுச் சொல்லு. கட்டாயமில்ல" என்றார். கட்டாயமில்லை என்று சொல்கிற அப்பாக்களிடம்தான் தப்பிக்க முடியாது. நான் பாங்கில் இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு மறுநாளே விருதுநகருக்குப் பஸ் ஏறினேன்.

"வாங்க, சாப்பிட்டீகளா?" என்றார் ஜெயச்சந்திரன்.

"செட் இன்னைக்கே வேணும்" என்றேன்.

அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். "இன்னைக்கா? பெரிய மானிட்டருக்குக் காலம் முடிஞ்சு போச்சுங்க. எல்லாரும் தட்டை மானிட்டருக்குப் போயிக்கிட்டு இருக்காக. அது இப்ப எக்குத்தப்பான விலை. தீபாவளி முடியட்டும், மளமளன்னு விழும்."

"விலையப் பத்திப் பேசல. எம்புட்டு ஆனாலும் சரி. இன்னைக்கே போடுங்க. நீங்களே வீட்டுக்கு வந்து மாட்டிக் குடுங்க. அப்பா இருப்பாக."

இதைவிட ஒரு பெண் என்ன சொல்ல முடியும்? சொல்லிவிட்டு எனக்குக் காது சூடாகிவிட்டது. அவருக்கும் புரிந்தது. முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"வாரேன். கண்டிப்பா ஒங்க வீட்டுக்கு நான் வாரேன்" என்றார். பிறகு பலகையைப் பார்த்தார். "ஆனா இப்ப வேணாங்க. இந்த விலைக்கு என் கையால ஒங்களுக்குப் போட மாட்டேன். கொஞ்சம் பொறுங்க. இறங்கட்டும்."

வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம்தான். அதைச் சொல்லி, அதற்குப் பிறகு ஒரு ஆள் வாய் திறந்தால் அது பயத்தில் திறந்த வாய். எனக்கு அது வேண்டாம் என்று இருந்தது. விறுவிறுவென்று படி இறங்கினேன். பின்னால் "ஏங்க, டீ சொல்லிருக்கேன்" என்று குரல் கேட்டது. சிவகாசி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கண்ணில் பட்ட முதல் கடையில் நுழைந்தேன். கண்ணாடிக் கதவு, குளுகுளு காற்று. அவர்கள் எதைக் காட்டினார்களோ அதை எடுத்தேன், என்ன விலை சொன்னார்களோ அதைக் கொடுத்தேன். யாரும் என்னைப் பொறுக்கச் சொல்லவில்லை. சாயங்காலமே வீட்டில் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார்கள். அம்மா அதற்கு ஒரு பூப்போட்ட துணி தைத்துப் போட்டாள். ராத்திரி அப்பாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

கோபத்தில் எடுத்த முடிவுதான். ஆனால் கோபம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது, முடிவு தீரவில்லை. நிச்சயம் முடிந்தது, சேலை எடுத்தார்கள், தையில் கல்யாணம் என்றார்கள். பத்திரிகையை எங்கள் பிரஸ்ஸிலேயே அடித்தோம். டிசைன் நான்தான். முனியராஜ் காகிதத்துக்குக்கூடக் காசு வாங்கவில்லை. மார்கழி மாதம் ஒரு நாள், பத்திரிகையை எடுத்துக்கொண்டு நானே விருதுநகருக்குப் போனேன். அவர் முகம் சுருங்குவதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. பார்த்துவிட்டால் என் ஏக்கம் அடங்கிவிடும் என்றும் நினைத்தேன்.

மாடி பூட்டியிருந்தது. கீழே பத்திரகாளி அய்யா மூட்டைகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"வா தாயி. அவன் பார்சல் ஆபீஸ் வரைக்கும் போயிருக்கான். மெட்ராஸ் சரக்கு வந்திருக்காம். இப்ப வந்துருவான், உக்காரு" என்று மனைப்பலகையை நகர்த்திப் போட்டார். பத்திரிகையை உறையோடு நீட்டினேன். வாங்கி உருவி, கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். "கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன். ஒங்க பிரஸ்ஸு காலண்டர் மாடலா? ஜோராருக்கு" என்று பக்கத்தில் வைத்துவிட்டார். பத்திரிகை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"ரொம்ப நாளா ஆளக் காணமேன்னு பய தவிச்சுப் போயிட்டான். கோவமா தாயி? செட்டு போட்டுத் தரலைன்னு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டதாச் சொன்னான்."

"எல்லாத்துக்கும் அன்னைக்கே போடுறாக. எனக்கு மட்டும் மூணு வருசமாப் பொறு, பொறுன்னா எப்பிடிங்கய்யா?"

அவர் சிரித்தார். "மத்தவுகளுக்குப் போடத்தான் செய்வோம். வியாபாரம்லா? எங்க கடையில ஒரு வழக்கம் உண்டு தாயி. இறங்குமுகமா இருக்கற சரக்க வீட்டு ஆளுகளுக்குப் போட மாட்டோம். சம்பந்தகாரவுக வந்து உளுந்து கேட்டாலும், பொறுங்க, விழட்டும், நானே சொல்லிவிடுறேன்னுதான் அனுப்புவோம். வேத்தாளுன்னா வந்த அன்னைக்கே மூட்டைய ஏத்திவிட்டுருவோம். பெறகு அவுக வந்து, வாங்குன வெல எப்பிடின்னு கேட்டா நல்ல வெலதான்னு சொல்லிருவோம். வாங்கிட்டுப் போனவுக மனச நோகடிச்சு என்ன ஆகப் போகுது?"

நான் மனைப்பலகையை அவர் பக்கமாக நகர்த்திக்கொண்டேன்.

"அவன் ஒனக்கு ஒரு செட்டுக்குன்னு ஒவ்வொரு சாமானாச் சேத்து வச்சிருக்கான். அந்தத் தட்டை டிவி மாதிரி ஒண்ணு சொல்லுவானே, அது மட்டும்தான் பாக்கி. அது இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்பா, நானே கொண்டுபோயி மாட்டிக் குடுத்துட்டு அவுக அப்பாட்டயும் பேசிட்டு வாரேன்னான். சர்ச்சுக்குப் போற வேதக்காரவுகளாச்சே, ஒத்துக்கிடுவாகளாடான்னு கேட்டேன். நான் போயி நின்னா ஒத்துக்கிடுவாகங்கான். இன்னைக்கு அத எடுக்கத்தான் பார்சல் ஆபீஸுக்கு ஓடியிருக்கான். நாலு மாசத்துல நல்லா விழுந்துருச்சாம்ல?"

நான் பத்திரிகையைப் பார்த்தேன். கையை நீட்டினால் எடுத்துவிடலாம். எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, காலண்டர் மாடல்தான் என்று சொல்லிவிடலாம். சேலை எடுத்த கடையும், பத்திரிகை வாங்கிக்கொண்டு ஆசீர்வதித்த பாஸ்டரும், அப்பா ஊரெல்லாம் நடந்து நடந்து அழைத்ததும் அந்த நிமிஷத்தில் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. கையை நீட்டினேன். அதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. ஜெயச்சந்திரன் தோளில் ஒரு அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தார்.

என்னைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரிப்பு. பெட்டியை இறக்கி மூட்டை மேல் வைத்தார். "சரியான நேரத்துக்கு வந்திருக்கீக" என்றவர், அப்பா பக்கத்தில் கிடந்ததைப் பார்த்தார். அவருக்குக் கண்ணாடி தேவையில்லை. எடுத்தார். மேலிருந்து கீழ்வரை, அச்சகத்தின் பெயர்வரை படித்தார். பஸ்ஸில் வந்த வழியெல்லாம் அவர் முகம் எப்படி மாறும் என்று நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன். நினைத்த மாதிரி சுருங்கவில்லை. சும்மா அப்படியே நின்றுவிட்டது.

"தை மாசமா?" என்றார்.

"ஆமா." பிறகு நானே சொன்னேன். "கம்ப்யூட்டரும் வாங்கிட்டேன். சிவகாசியில. அன்னைக்கே."

"என்ன போட்டாக?"

சொன்னேன். எந்த மானிட்டர், எவ்வளவு ராம், எவ்வளவு ஹார்ட் டிஸ்க் என்று ஒன்று விடாமல் சொன்னேன். பழைய பெரிய மானிட்டர்தான், ராம் போதாது என்று சொல்லும்போதே அவர் நெற்றி சுருங்கியது. கடைசியில் விலையைச் சொன்னேன். என்னை நன்றாக ஏமாற்றியிருந்தார்கள். அது எனக்கே தெரியும். மூன்று வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விலை கேட்டவளுக்கு அதுகூடவா தெரியாது? எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவர் பதற வேண்டும். ஐயையோ, ஏமாத்திட்டானுகளே, ஏன் என்னக் கேக்காம வாங்குனீக என்று சத்தம் போட வேண்டும். அவர் அப்படி ஒரு வார்த்தை சத்தம் போட்டிருந்தால், அந்தப் பத்திரிகையை அவர் கையிலிருந்து பிடுங்கிக் கிழித்துப்போட்டுவிட்டு அங்கேயே நின்றிருப்பேன். சத்தியமாக நின்றிருப்பேன்.

பத்திரகாளி அய்யா மகனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து, ஏதோ வேலை இருப்பது போல உள்ளே குடோனுக்குப் போய்விட்டார்.

ஜெயச்சந்திரன் பத்திரிகையை உறைக்குள் மெதுவாகத் திருப்பிச் செருகினார்.

"நல்ல வெலதான்" என்றார்.

"நெசமாச் சொல்லுங்க. ஏமாந்துட்டேனா?"

"இல்லங்க. நல்ல வெலதான். தாராளமா வச்சுக்கிடலாம்."

மூன்று வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் பொய் அது. நான் எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டேன். கல்யாணத்துக்கு வந்துவிடுங்கள் என்று சொன்னேன். கண்டிப்பாக வருவோம் என்றார். அது இரண்டாவது.